பாடுபட்ட சுரூபம்: ஒரு பொருளும் அதன் பெயர்களும்

ஜொகூர் மாநிலத்துத் தமிழ்க் கத்தோலிக்க இல்லங்கள் சிலவற்றில், முன்னறைச் சுவரில் அல்லது சிறு பீடத்தின்மேல், பழைய சிலுவை ஒன்று இன்றும் காணப்படும். கருநிற மரத்தால் ஆனது. ஏறத்தாழ ஒரு முழ உயரம் இருக்கும். அதன்மீது பித்தளையில் வார்த்த உருவம் ஆணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். மரத்தின் முனைகளில் உலோகப் பூண் கட்டியிருக்கலாம். உருவத்தின் காலடியில் சிறிய மண்டையோடும் அதன்கீழ் இரு எலும்புகளும் இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த முன்னோர் பெட்டியில் வைத்துக் கொணர்ந்தவை சில. இந்நாட்டிற்கு வந்த பிரெஞ்சுக் குருமார் வழங்கியவை சில.

இப்பொருளின் பெயர் யாது? இளைஞரைக் கேட்டால் ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சொல்வர், அல்லது ‘சிலுவை’ என்பர். எழுபது வயதைக் கடந்த மூதாட்டியாரைக் கேட்டால், ‘பாடுபட்ட சுரூபம்’ என்பார். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த குடும்பமாயின் ‘குருசு’ என்ற சொல்லும் வெளிப்படும். மலாய் பேசும் அண்டைவீட்டார் ‘சாலிப்’ என்பர். ஒரே பொருளைச் சுட்டும் இச்சொற்கள் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தவை. மரத்தையும் உலோகத்தையும் பழம்பொருள் ஆய்வாளர் ஆராய்வதுபோல, இச்சொற்களை மொழியியல் மாணவர் ஆராயலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருளையே சற்று நெருங்கிப் பார்ப்போம். சிலுவை வேறு, பாடுபட்ட சுரூபம் வேறு. நெடுமரமும் குறுக்குமரமும் மட்டும் உடையது சிலுவை. அதில் அறையப்பட்ட இயேசுவின் உருவமும் சேர்ந்தால்தான் அது பாடுபட்ட சுரூபம் ஆகும். சென்னைப் பரங்கிமலையில் 1547ஆம் ஆண்டு கோயில் கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையில் உருவம் இல்லை. அதன் முனைகள் மலர்போல் விரிந்துள்ளன. மேலே புறா ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் பாரசீகத்துப் பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கேரளத்துப் பழைய சிலுவைகளும் இத்தகையனவே. உருவம் தாங்கிய சிலுவை நம் நாட்டுப் பக்கம் பரவியது போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே. கோவாவில் தந்தத்தால் உருவம் செதுக்கி, கருமரத்தில் பொருத்தி, வெள்ளிப் பூண் இட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிலே ஒன்று வளர்ந்தது. தந்தம் செல்வர்க்கு உரியது. எளியோர் வீட்டுக்கு வந்தது பித்தளை. பின்னர்த் துத்தநாகக் கலவையில் வார்த்து வெள்ளிநீர் பூசிய மலிவு உருவங்களும் வந்தன.

உருவத்தின் கால்களைக் கவனித்தால் கலைவரலாற்றுச் செய்தி ஒன்று கிடைக்கும். பழங்கால ஓவியங்களில் இரு பாதங்களும் தனித்தனியே, ஆக நான்கு ஆணிகளால் அறையப்பட்டிருக்கும். 13ஆம் நூற்றாண்டு தொடங்கி மேலைக் கலையில் ஒரு பாதத்தின்மேல் மறு பாதம் வைத்து ஒரே ஆணியால் அறையும் அமைப்புப் பெருகியது. நம் இல்லங்களில் உள்ளவை பெரும்பாலும் இந்த மூன்றாணி வகையே. மண்டையோடு எதற்கு என்று மாணவர் கேட்பர். இயேசு அறையப்பட்ட குன்றின் பெயர் ‘கொல்கொதா’. அரமாய மொழியில் அதன் பொருள் மண்டையோடு. ஆதாமின் தலை அங்கே புதைந்திருந்தது என்பது பழங்கிறித்தவ மரபுக்கதை. ஓர் ஊர்ப்பெயரின் பொருளைப் பித்தளையில் வார்த்து வைத்திருக்கிறார்கள் என்பது மொழி மாணவர்க்கு மகிழ்ச்சி தரவேண்டிய செய்தி.

உச்சியில் உள்ள சிறு பலகையில் இலத்தீன் எழுத்துகள் நான்கு உள்ளன: ஐ, என், ஆர், ஐ. ‘நாசரேத்து ஊரினனாகிய இயேசு, யூதரின் அரசன்’ எனப் பொருள்படும் நான்கு இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அப்பலகை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளில் எழுதப்பட்டிருந்தது என யோவான் நற்செய்தி கூறுகிறது. மும்மொழி அறிவிப்புப் பலகைகளை நாள்தோறும் காணும் மலேசியர்க்கு அது வியப்பாக இராது. ஆயின், ‘இயேசு’ என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் எழுதுவதுபோல் ‘ஜே’ என்ற எழுத்து ஏன் அங்கில்லை? இலத்தீனில் அவ்வெழுத்தே தனியாக இருந்ததில்லை. ‘ஐ’ என்பதே உயிராகவும் யகர மெய்யாகவும் நின்றது. ‘ஜே’ தனியெழுத்தாகப் பிரிந்தது பிற்காலத்தில்தான்.

இந்த ஓர் எழுத்தின் பிளவு தமிழில் இரண்டு பெயர்களாக வெளிப்பட்டது. போர்த்துக்கீசியரின் ஒலிப்பைச் செவிவழிக் கேட்ட கத்தோலிக்கத் தமிழர் ‘சேசு’ என்றனர். சேசுநாதர், சேசு சபை என்பன அவ்வழி வந்தவை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலிய செருமானியச் சீர்திருத்தத் திருச்சபையாரின் மரபில் ‘யேசு’, ‘இயேசு’ என்ற வடிவங்கள் நிலைபெற்றன. நீண்ட காலம், ஒருவர் ‘சேசு’ என்கிறாரா ‘இயேசு’ என்கிறாரா என்பதைக் கொண்டே அவர் எச்சபையினர் என்று சொல்லிவிடலாம். சேசையா, சேசுராசு என்னும் பெயருடைய பெரியவர்கள் ஜொகூரிலும் உண்டு. தம் பெயரின் முதலெழுத்து போர்த்துக்கலின் நாவிலிருந்து வந்தது என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

இனிச் ‘சிலுவை’ என்ற சொல்லுக்கு வருவோம். இது தமிழ்ச்சொல்லன்று, வடசொல்லும் அன்று, போர்த்துக்கீசியமும் அன்று. சிரிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘ஸ்லீபா’ என்றால் சிலுவை. ச-ல-ப என்ற மும்மெய் வேரின் பொருள் தூக்கி அறைதல். சிரிய மொழி அரமாயத்தின் கிளை. கேரளத்துத் தோமையார் கிறித்தவர்களின் வழிபாட்டு மொழியாக அது நெடுங்காலம் விளங்கியது. மலையாளத்தில் இன்றும் ‘ஸ்லீவா’ என்ற வடிவம் வழங்குகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிரிய எழுத்தில் பகரம். மலையாளத்திலும் தமிழிலும் வகரம். ஏன்? சிரிய மொழிக்குக் கிழக்கு, மேற்கு என இரு ஒலிப்பு மரபுகள் உண்டு. உயிரொலிக்குப் பின்வரும் பகரத்தைக் கிழக்கு மரபினர் வகரமாக ஒலிப்பர். பாரசீகத் திருச்சபையினர் பின்பற்றியது கிழக்கு மரபு. ஆகவே ‘சிலுவை’ என்ற நம் சொல்லின் நடுவில் நிற்கும் வகரம், அது யார் வாய்வழி வந்தது என்பதற்குச் சான்றாகிறது. பரங்கிமலைக் கற்சிலுவையைச் சுற்றியுள்ள பகலவி எழுத்துகள் எந்த உறவைக் காட்டுகின்றனவோ அதே உறவை இந்த ஒற்றை மெய்யெழுத்தும் காட்டுகிறது. கல்வெட்டைக் காணப் பரங்கிமலை ஏறவேண்டும். இச்சான்றோ நாள்தோறும் நம் வாயில் உள்ளது.

‘ஸ்லீவா’ எவ்வாறு ‘சிலுவை’ ஆயிற்று என்பதை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். தமிழில் சொல்லின் முதலில் இருமெய்கள் இணைந்து வாரா; ஆகவே இடையில் ஓர் உயிர் நுழைந்து ‘சிலீவா’ ஆகும். இதழ்களைக் குவித்து ஒலிக்கும் வகரத்தின் அண்மையால் அதன் முன்னிருந்த உயிர் உகரமாகக் குறுகிற்று. இறுதி ஆகாரம் ஐகாரமாவது நமக்குப் பழகிய மாற்றமே: மாலா மாலையாயிற்று, சபா சபையாயிற்று, கலா கலையாயிற்று. அயற்சொல்லைத் தமிழ் எழுத்துக்குப் பொருந்தத் திரித்துக்கொள்ளும் நெறியைத் தொல்காப்பியர் எச்சவியலில் வடசொற்களுக்கு வகுத்தார். அந்நெறி சிரியச் சொல்லுக்கும் பொருந்துகிறது. சகரம் அகரத்தோடு சேர்ந்து மொழிமுதலில் வாராது என்பதும் அவர் விதி. அவ்விதிப்படி ‘சபை’ வாயிலிலேயே தடுக்கப்படும். ‘சிலுவை’ தடையின்றி உள்ளே வந்துவிடும். மாணவர்கள் இந்த வேடிக்கையை விரும்பக்கூடும்.

மலாய்ச் சொல்லாகிய ‘சாலிப்’ எங்கிருந்து வந்தது? அரபு மொழியின் ‘ஸலீப்’ வழியாக. அந்த அரபுச் சொல்லோ அரமாய, சிரிய வழக்கிலிருந்து பெற்றது. எனவே ‘சிலுவை’யும் ‘சாலிப்’பும் உடன்பிறந்த சொற்கள். ஒன்று பாரசீகக் கிறித்தவ வணிகரோடு மலையாளக் கரைக்கு வந்து வகரம் பெற்றது. மற்றொன்று அரபு வழியாக மலாய் உலகுக்கு வந்து பகரத்தைக் காத்துக்கொண்டது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் இரண்டும் ஜொகூரில், ஒரே தாமானில், வேலிக்கு இப்பாலும் அப்பாலும் சந்திக்கின்றன. நம் மாணவர்கள் மும்மொழி கற்கிறார்கள். ஆனால் அம்மொழிகள் தமக்குள் கொண்டுள்ள உறவை அவர்களுக்கு நாம் எடுத்துரைப்பதில்லை. இது பெருங்குறை என்பதே நம் கருத்து.

‘குருசு’ என்னும் சொல்லின் வரலாறு இத்துணை நுட்பமானதன்று. போர்த்துக்கீசிய ‘குரூஸ்’ என்பதே அது. இலத்தீனின் ‘குருக்ஸ்’ அதன் தாய். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றபோது அச்சொல்லும் கரையேறிற்று. 1554இல் லிசுபன் நகரில் அச்சான, இலத்தீன் எழுத்தில் தமிழைப் பொறித்த வினாவிடைச் சுவடியை உருவாக்கிய மூவருள் ஒருவரின் பெயர் தோமா த குரூஸ். அச்சேறிய தமிழின் வாயிலிலேயே ஒரு ‘குருசு’ நிற்கிறது. தூத்துக்குடி மக்களின் குடிநீர்த் துயர் தீர்த்த நகரவைத் தலைவர் குரூஸ் பர்னாந்து பெயரிலும் அச்சொல்லே உள்ளது.

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு என்னும் கடற்கரை ஊர் உண்டு. 1540ஆம் ஆண்டளவில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தால் சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், அவ்வாறே மணற்குன்றின்மேல் நட்டார் என்றும் அவ்வூர் மரபு கூறுகிறது. அவ்விடத்தில் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலில் செப்டம்பர் 14ஆம் நாள் பெருவிழா நடைபெறுகிறது. 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் 1545இல் மலாக்காவை அடைந்தார். மறு ஆண்டு மலுக்குத் தீவுகளின் பக்கம் பயணம் செய்கையில் கொந்தளித்த கடலில் அவருடைய சிறு சிலுவை விழுந்தது என்றும், மறுநாள் கரையில் ஒரு நண்டு அதைக் கவ்விக் கொணர்ந்தது என்றும் ஒரு கதை உண்டு. முதுகோட்டில் சிலுவைக் குறி போன்ற கோடுகளை உடைய நண்டைத் தமிழக மீனவர் ‘சிலுவை நண்டு’ என்கின்றனர். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. நண்டு உண்மை, பெயரும் உண்மை.

போர்த்துக்கீசியச் சொற்கள் தமிழுக்கும் மலாய்க்கும் பொதுவாக வந்த கடன்கள். மேசை, மலாயில் ‘மேஜா’. சன்னல், அங்கே ‘ஜெண்டெலா’. அலமாரி, ‘அல்மாரி’. யாழ்ப்பாணத்தாரின் சப்பாத்து, ‘செப்பாத்து’. பாதிரி, ‘பாடெரி’. ஆயின் சிலுவையைப் பொறுத்தமட்டில் இரு மொழிகளின் பொதுவழக்கும் போர்த்துக்கீசியத்தை ஏற்கவில்லை. இரண்டும் தத்தம் பழைய செமித்தியச் சொல்லையே வைத்துக்கொண்டன. தமிழில் ‘குருசு’ பேச்சிலும் ஆட்பெயரிலும் மட்டும் ஒதுங்கியது. புதிய பொருளுக்குத்தான் புதிய சொல் வேண்டும். சிலுவைக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

இனி, தமிழர் தாமே ஆக்கிய பெயர். ‘பாடுபட்ட சுரூபம்’ என்பதில் சுரூபம் வடமொழி ‘ஸ்வரூப’ என்பதன் திரிபு. சொரூபம் என்றும் எழுதுவர். சிவாலயத்திலும் வழங்கும் சொல்லைக் கத்தோலிக்கர் தம் உருவங்களுக்கு எடுத்துக்கொண்டனர். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட்டு தெ நொபிலி காட்டிய வழி அது. பூசை, சருவேசுரன், குரு, கோயில் என்பனவும் அவ்வழியினவே. ‘பாடு’ என்பதோ பழந்தமிழ். படு என்னும் வினைப்பகுதி முதல் நீண்டு பாடு ஆயிற்று. கெடு கேடாவது போல, சுடு சூடாவது போல. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று நாம் ஐந்தாம் படிவத்தில் நெட்டுருச் செய்விக்கும் இலக்கணத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. பாடு என்றால் துன்பம், பட்டறிந்த துன்பம்; இயேசுவின் வேதனைகளைப் ‘பாடுகள்’ எனப் பன்மையில் சொல்வது கிறித்தவ வழக்கு.

ஆனால் பொதுத்தமிழில் ‘பாடுபடுதல்’ என்பதன் பொருள் வேறு திசையில் சென்றது. ‘பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன்’ என்றால் உழைத்து வளர்த்தேன் என்பதாகும். துன்பத்தைக் குறித்த சொல் உழைப்பைக் குறிப்பதாயிற்று. உழைத்தவர்க்குத் துன்பமும் உழைப்பும் வேறாக இருந்ததில்லை போலும். பொழுது விடியுமுன் பால்வெட்டப் புறப்பட்ட தாயின் பிள்ளை, லயத்து வீட்டுச் சுவரில் தொங்கிய ‘பாடுபட்ட சுரூபத்தை’ எப்படிப் புரிந்துகொண்டிருக்கும்? தோட்டத்தில் வளர்ந்த முதியவர் சிலரிடம் இதை நாம் கேட்டதுண்டு. சாமியும் பாடுபட்டவர்தான் என்று எளிதாகச் சொன்னார்கள். சமய நூல் சொல்லும் பொருளிலிருந்து இது விலகியிருக்கலாம். சொல் அவர்கள் வாழ்வில் வேரூன்றியிருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆங்கிலப் பெயரால் அழைக்கப்படும் பொருளுக்கு இத்தகைய பொருள் விரிவு வாய்க்காது.

இதே இயல்புடைய மற்றொரு சொல் ‘அவஸ்தைப்பூசுதல்’. இறக்கும் நிலையில் உள்ளவர்க்குக் குரு எண்ணெய் பூசும் அருளடையாளம் அது. அவஸ்தை என்றால் நிலை. இறுதி நிலை என்று பொருள் குறுகி, பின்னர்ப் பேச்சில் வெறும் தொல்லை என்றாகிவிட்டது. இச்சடங்குக்கென்றே செய்த மரச்சிலுவைகள் உண்டு. பார்வைக்குச் சுவரில் மாட்டும் சிலுவை போலவே இருக்கும். மேற்பலகையை நகர்த்தினால் உள்ளே பள்ளம், அதில் இரு மெழுகுதிரிகளும் தீர்த்தக் குப்பியும். அடிப்பலகையில் சிலுவையைச் செங்குத்தாக நிறுத்தி, இருபுறமும் திரிகளை ஏற்றினால் நோயாளியின் படுக்கையருகே சிறு பீடம் உருவாகிவிடும். வீட்டில் இத்தகையது இருப்போர் பலர் அதன் மேற்பலகை நகரும் என்பதையே அறியார். மெல்ல நகர்த்திப் பார்க்கலாம்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை ‘முத்தி செய்வர்’. இம்முத்தி, முத்தம் என்பதன் வடிவம். வீடுபேற்றைக் குறிக்கும் முத்தியோடு ஒலியால் ஒன்றுபட்டது தற்செயலே. ஆயினும் மறையுரை ஆற்றுவோர்க்கு அது நல்வாய்ப்பு. நெடுங்காலம் முத்தி செய்யப்பட்ட உருவத்தின் பாத விரல்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும். அத்தேய்மானம் பழமைக்கு நல்ல சான்று. ஆனால் எச்சரிக்கை வேண்டும்: பண்டிகைக்குப் பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். புளியின் அமிலம் களிம்பை மட்டுமன்றி உலோகத்தையும் சிறிது சிறிதாகக் கரைக்கும். மரத்தில் ஊறினால் கறையும் வெடிப்பும் உண்டாகும். முகம் மட்டும் மழுங்கியிருந்தால் அது பத்தியால் அன்று, புளியால்.

இச்சொற்கள் இன்று என்ன நிலையில் உள்ளன? 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் தமிழ் வழிபாட்டு மொழி பெரிதும் மாறிற்று. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, அர்ச்சியசிஷ்டவர் புனிதரானார், அவஸ்தைப்பூசுதல் நோயில்பூசுதலாயிற்று, சேசுவும் இயேசுவானார். புதியவை தெளிவானவை, அழகானவை. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால் பழைய சொற்களில் எழுதிய செபப்புத்தகத்தைப் பேரப்பிள்ளையால் படித்து விளங்கிக்கொள்ள இயலவில்லை. தனித்தமிழ் அன்பர் சிலர் சிலுவைக்குக் ‘குறுக்கை’ என்ற சொல்லை முன்வைத்தனர். ஆக்கம் சரியே. ஆயினும் சிலுவையைத் தள்ளிவிட்டால் அதனோடு அந்த வகரச் சான்றும் போய்விடும். செஞ்சிலுவைச் சங்கம், சிலுவை நண்டு, சிலுவைப் பாதை என்று அச்சொல் கிளைத்த கிளைகளும் பொருளிழக்கும். செஞ்சிலுவைச் சங்கம் மலேசியாவில் 1975இல் செம்பிறைச் சங்கமாயிற்று. பழக்கம் விடாத முதியோர் இன்றும் பழைய பெயரையே சொல்கின்றனர். சொல்லை மாற்றுவது ஆணையால் இயலும். மறக்கச் செய்வது இயலாது, தலைமுறை மாறினாலன்றி.

தலைமுறை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. ஜொகூர் பாருவில் அமலோற்பவ அன்னை ஆலயம் 1883இல் எழுந்தது. பின்னாளில் சுல்தானான மகாராஜா அபூபக்கர் அதற்கு நிலம் வழங்கினார். மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டம் 1972இல் அமைந்தது. பெருங்கோயில்களுக்கு ஆவணங்கள் உள்ளன. தோட்டத்துச் சிற்றாலயங்களுக்கும் லயத்து வீடுகளுக்கும் அவ்வாறு இல்லை. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறி, மக்கள் நகரக் குடியிருப்புகளுக்கு வந்தபோது, சுரூபங்கள் சில கூடவே வந்தன. சில பழம்பொருள் கடைக்குச் சென்றன. கடையில் அவற்றின்மீது எழுதியிருப்பது விலை மட்டுமே. பின்புறத்தில் நாட்டின் பெயர் முத்திரையாக இருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது எனலாம். அயல்நாட்டுப் பொருளில் உற்பத்தி நாட்டைக் குறிக்கவேண்டும் என அமெரிக்கா அப்போது சட்டம் கொணர்ந்தது. ஆனால் அது எந்தத் தோட்டத்தில் இருந்தது, யார் இறக்கும்போது கையில் பிடித்திருந்தார், அதை எப்பெயரால் அழைத்தனர் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் கிறித்தவ மாணவர் சிலரேனும் இருப்பர். வீட்டில் உள்ள பழைய சிலுவையைப் பாட்டி எப்பெயரால் அழைக்கிறார் என்று கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். பெயரைக் கேட்டவாறே, ஒலி மாறாமல், திருத்தாமல் எழுதவேண்டும்: குருசு என்றால் குருசு, சுருவம் என்றால் சுருவம். எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தது என்பதையும் குறிக்கவேண்டும். மற்றச் சமய மாணவர்கள் தத்தம் பூசையறைப் பொருள்களைப் பற்றி அவ்வாறே எழுதலாம். குத்துவிளக்கின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லத்தெரிந்தோரும் குறைந்துதான் வருகின்றனர். சுரூபத்தின் பின்புறத்தையும் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே சில வேளைகளில் பென்சிலால் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதப்பட்டிருக்கும்.